பன்னிரண்டு மில்லிமீட்டர்

எம்1 கேரண்ட் ரைஃபிளை .30-06 தோட்டாவிலிருந்து .308-க்கு மாற்ற வேண்டும் என்று வருபவர்கள் பெரும்பாலும் குழலின் முன்வாயைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள். ஓட்டை சின்னதாகுமா, பெரிதாகுமா என்று கேட்கிறார்கள். இரண்டும் ஆகாது. இந்த இரண்டு தோட்டாக்களிலும் குண்டின் விட்டம் ஒன்றே, அங்குலத்தில் 0.308. அடிப்பாகத்தின் விளிம்பும் ஒன்றே. வித்தியாசம் முழுவதும் பித்தளைக் கூட்டின் நீளத்தில் இருக்கிறது. பழையது 63 மில்லிமீட்டர், புதியது 51. ஆகவே மாறுவது குழலின் பின்முனையில் தோட்டா போய் உட்காரும் அறை மட்டும்தான். பன்னிரண்டு மில்லிமீட்டர் குட்டையான அறை. வேலை சின்னது போலத் தெரியும். இந்த மாற்றத்தைச் சரியாகச் செய்தவர்களையும் தவறாகச் செய்தவர்களையும் பிரிப்பது அந்தப் பன்னிரண்டு மில்லிமீட்டரை எப்படி மதித்தார்கள் என்பதுதான்.

நான் டூல்ரூம்காரன். கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் கை பழகி, இப்போது அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் அச்சுகளும் கேஜ்களும் செய்யும் வேலையில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கிப் பட்டறையில், அதன் உரிமையாளரின் பார்வையில், பழைய ராணுவ ரைஃபிள்களின் குழல் வேலை செய்கிறேன். இங்கே ஒருவர் தன் சொந்த ரைஃபிளுக்குக் குழல் மாற்றிக்கொள்ளக் கூட்டாட்சிச் சட்டம் தடை சொல்வதில்லை. அடுத்தவருக்குத் தொழிலாகச் செய்வதென்றால் உரிமம் வேண்டும். நம் ஊரில் கதையே வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியைச் செய்வதும் மாற்றுவதும் பழுதுபார்ப்பதும்கூடக் குற்றம். இதைச் சொல்லிவிட்டே மேலே எழுதுகிறேன், ஏனென்றால் இது எங்கும் எவரும் வீட்டில் முயன்று பார்க்கிற வேலை இல்லை.

இந்த ரைஃபிளை வடிவமைத்த ஜான் கேரண்ட் என் தொழில்காரர் என்பதில் எனக்குத் தனியான பெருமை உண்டு. 1888இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிறந்தவர். சிறுவயதில் அமெரிக்காவுக்கு வந்து, துணி மில்லில் வேலை பார்த்து, எந்திரங்களைப் பார்த்துப் பார்த்தே மெஷினிஸ்ட் ஆனவர். பிராவிடன்ஸ் நகரில் பிரவுன் அண்டு ஷார்ப் நிறுவனத்தில் வேலை செய்திருக்கிறார். அளவுக் கருவிகளுக்குப் பேர்போன கம்பெனி அது. அவர்களுடைய மைக்ரோமீட்டர்கள் இன்றும் பல பட்டறைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பிறகு வாஷிங்டனில் அரசாங்கத்தின் தர அளவு அமைப்பிலும் சில காலம். 1919இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரிக்கு வந்தார். ரைஃபிளோடு நிற்காமல், அதன் பாகங்களை வெட்டி எடுக்கத் தேவையான ஜிக், கட்டர், எந்திர அமைப்பு பலவற்றையும் அவரே வடிவமைத்தார். ஒரு பொருளைக் கற்பனை செய்பவனும் அதை ஆயிரக்கணக்கில் வெட்டி எடுக்க வழி சொல்பவனும் ஒரே ஆளாக இருப்பது அபூர்வம். ரைஃபிளைக் கழற்றும்போது அது தெரிகிறது. ஒவ்வொரு பாகமும் எந்திரத்தில் எப்படிப் பிடிபட்டிருக்கும் என்று யோசித்தே வரையப்பட்டிருக்கிறது.

எம்1 ஆக வந்த கேரண்ட் ரைஃபிள் அதற்கு முன் வேறொரு தோட்டாவுக்கும் செய்யப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. 1920களின் இறுதியில் அவரும் ஜான் பெடர்சன் என்னும் இன்னொரு வடிவமைப்பாளரும் போட்டியில் இருந்தபோது, ராணுவத்தின் கண் பெடர்சனின் .276 தோட்டாவின் மீது இருந்தது. அது ஏழு மில்லிமீட்டர், இலகுவானது, பின்னுதைப்பு குறைவு. அந்தத் தோட்டாவுக்குச் செய்த கேரண்டின் மாதிரியில் கிளிப்புக்குப் பத்துத் தோட்டா. 1932இல் ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த டக்ளஸ் மெக்ஆர்தர் அதை நிராகரித்தார். கிடங்குகளில் .30 தோட்டா ஏராளமாகக் கிடந்தது. மந்தமான பொருளாதாரக் காலத்தில் புதுத் தோட்டாவுக்குச் செலவு செய்ய முடியாது. கேரண்ட் தன் ரைஃபிளைப் பெரிய தோட்டாவுக்கு விரித்தார். பத்து எட்டாயிற்று. 1936 ஜனவரியில் எம்1 என்ற பெயரோடு அது ஏற்கப்பட்டது. ஆக, தோட்டா மாற்றம் இந்த ரைஃபிளுக்குப் புதிதல்ல. அதைப் படைத்தவரே ஒரு தடவை தோட்டாவை மாற்றியிருக்கிறார்.

பிறகு வந்த 7.62 நேட்டோ தோட்டா, அதாவது நாங்கள் .308 என்று அழைக்கும் குடும்பம், 1954இல் நேட்டோவின் பொதுத் தோட்டாவாக ஏற்கப்பட்டது. பன்னிரண்டு மில்லிமீட்டர் குறைத்தும் வேகம் குறையவில்லை. காரணம் மருந்து. .30-06 கூடு 1906இல் வந்தது. அந்தக் காலத்து மருந்துக்கு அவ்வளவு இடம் தேவைப்பட்டது. பிறகு வந்த உருண்டை மணி மருந்து நெருக்கமாக அடங்கியது, குறைந்த இடத்திலேயே அதே வேலையைச் செய்தது. 150 கிரெயின் குண்டோடு பழைய எம்2 தோட்டா நொடிக்குச் சுமார் 2,740 அடி போகும். 147 கிரெயின் குண்டோடு புதிய எம்80 தோட்டாவும் கிட்டத்தட்ட அதே வேகம்தான். இதன் பலனை ரைஃபிளின் பின்குறியில் பார்க்கலாம். உயரம் வைக்கும் குமிழில் கஜக் கணக்கில் பொறித்திருக்கும் எண்கள் எம்2 தோட்டாவுக்கானவை. .308-க்கு மாற்றிய பின்னும் அவை ஏறக்குறைய அப்படியே பொருந்துகின்றன. தோட்டா மாறியும் குறி மாறாமல் இருப்பது எனக்கு இன்றும் பேரானந்தம்.

புதிய தோட்டாவைச் சோதிக்க ஸ்பிரிங்ஃபீல்டிலேயே கேரண்ட் ரைஃபிள்களைக் குட்டை அறைக்கு மாற்றி, டி35 என்று பெயரிட்டார்கள். எம்1-க்கு அடுத்து வந்த எம்14 ரைஃபிளுக்கு முன்பே இந்த மாற்றம் நடந்திருக்கிறது. அப்படிப் பார்த்தால் இன்று நான் செய்யும் வேலை ஒரு ராணுவச் சோதனைக் கூடத்தில் தொடங்கிய வேலையின் தொடர்ச்சி.

இப்போது ஏன் மாற்றுகிறார்கள்? ஒஹையோவில், ஈரி ஏரிக்கரையில் கேம்ப் பெரி இருக்கிறது. 1907 முதல் அமெரிக்காவின் தேசியத் துப்பாக்கிப் போட்டிகள் நடக்கும் இடம். கோடையில் அங்கே ஜான் சி. கேரண்ட் பெயரிலேயே ஒரு போட்டி நடக்கும். தாத்தா சுமந்த ரைஃபிளோடு பேரன் வருவான். பழைய ராணுவத் தோட்டாக் கையிருப்பு வற்றிவிட்டது. பித்தளைக் கூடும் நல்ல தோட்டாவும் .308-இல் எளிதாகக் கிடைக்கின்றன. இன்னொரு காரணம் பழைய தோட்டாக்களே விட்டுப்போன சேதம். 1950களின் தொடக்கம்வரை அமெரிக்கா செய்த .30-06 தோட்டாக்களில் பெரும்பாலானவற்றின் பற்றுமருந்து சுட்டபின் உப்பை விட்டுச்செல்லும் வகை. உடனே தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் குழல் துருப்பிடித்துக் குழிவிழும். போரில் கழுவ யாருக்கு நேரம்? அப்படிக் குழிவிழுந்த குழல்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

எந்த ரைஃபிளை மாற்றலாம் என்பதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. முன்வாயிலும் தோட்டா அறையின் கழுத்திலும் தேய்மான கேஜை விட்டுப் பார்த்து, குழல் தன் ஆயுளை முடித்துவிட்டது என்று தெரிந்தால் மட்டுமே அதைக் கழற்ற வேண்டும். தொழிற்சாலையில் பூட்டியபோது இருந்த குழலோடு, ஒரே காலத்துப் பாகங்களோடு வருகிற ரைஃபிளை நான் தொடமாட்டேன். அப்படி ஒன்றைக் கொண்டுவருபவரிடம், உங்கள் ரைஃபிளை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், குழல் போன வேறொன்றை வாங்கி வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். கேரண்டுகள் ஐம்பது லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன என்பது உண்மைதான். ஆனால் கலைக்கப்படாதவை குறைந்துகொண்டே வருகின்றன. டென்மார்க், கிரீஸ் என்று நட்பு நாடுகளுக்குப் போய்வந்தவற்றில் பாகங்கள் கலந்துவிட்டன. ஸ்பிரிங்ஃபீல்டு ரிசீவரில் (குழல் மரையேறும் உடல் அது) வின்செஸ்டர் போல்ட் (அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் பாகம்), இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் குதிரைத் தொகுதி என்று வரும். ஆம், டிராக்டர் செய்த அதே ஹார்வெஸ்டர்தான். இண்டியானாவின் எவன்ஸ்வில்லில் கேரண்டும் செய்தார்கள். நாலு தொழிற்சாலைப் பாகங்கள் ஒன்றில் சேர்ந்தும் ஓடுவது கேஜ் வைத்துச் செய்த காலத்தின் வெற்றி. இப்படிக் கலந்தவைதான் மாற்றத்துக்கு ஏற்றவை. அவற்றில் இழக்க வரலாறு குறைவு.

இனி அந்தப் பன்னிரண்டு மில்லிமீட்டருக்கு வருகிறேன்.

1960களில் அமெரிக்கக் கடற்படைக்கு 7.62 ரைஃபிள் தேவைப்பட்டது. கைவசம் இருந்தவை கேரண்டுகள். குழலைக் கழற்றாமல் மாற்ற ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பழைய நீள அறையின் முன்பகுதியில் ஒரு சிறு எஃகு புஷ்ஷை நுழைத்து இறுக்குவது. புஷ் பன்னிரண்டு மில்லிமீட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும், அறை குட்டையாகும். தாளில் அழகான யோசனை. செலவு குறைவு, நேரம் குறைவு. எம்கே 2 மாட் 0 என்று பெயர் வைத்தார்கள். பிறகு சில ரைஃபிள்களில் சுட்ட கூட்டை வெளியே இழுக்கும்போது புஷ்ஷும் கூடவே வந்துவிட்டது. கடற்படை பின்னர் முழுக் குழலையே புதிதாகப் போடும் முறைக்கு மாறியது. மாட் 1 என்பது அதுதான்.

புஷ் வெளியே வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தால்தான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரியும். நீளத் தோட்டாவைக் குட்டை அறையில் திணித்தால் ஆபத்தில்லை. அது முழுக்க உள்ளே போகாது, போல்ட் திரும்பிப் பூட்டாது, பூட்டாத போல்ட்டில் ஊசி முன்னால் போகவே முடியாதபடி கேரண்ட் அமைத்திருக்கிறார். தலைகீழாக நடந்தால்தான் விபரீதம். குட்டைத் தோட்டா நீள அறைக்குள் சுலபமாக விழும். போல்ட் பூட்டும். கூட்டின் விளிம்பை, அதை வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்டிராக்டர் கவ்விப் பிடித்திருப்பதால் ஊசி அடிக்கவும் செய்யும். அப்போது கூட்டின் தோளுக்கு முன்னால் தாங்க எஃகே இல்லை. பித்தளை முன்னோக்கி வீங்கிப் பிளக்கும். சதுர அங்குலத்துக்கு அறுபதாயிரம் பவுண்டு வரை போகும் அழுத்தம் பிளந்த இடத்தைத் தேடும். புஷ் கழன்றதை அறியாமல் அடுத்த தோட்டாவைச் சுடுபவர் இந்த நிலையில்தான் இருக்கிறார். கழன்ற புஷ் சுட்ட கூட்டோடு சேர்ந்து புல்லுக்குள் கிடக்கும், யார் கண்ணிலும் படாது.

அதனால் புஷ் போட்டுத் தரக் கேட்பவர்களிடம் மறுப்பு ஒன்றே என் பதில். சில மாதங்களுக்கு முன் வயதான ஒருவர் வந்தார், கொரியப் போரில் இருந்தவரின் தம்பி. அண்ணன் போனபின் ரைஃபிள் இவரிடம் வந்திருக்கிறது.

"குழல் எவ்வளவு ஆகும் என்று விசாரித்துவிட்டேன். புஷ்ஷே போதும் எனக்கு. வருஷத்துக்கு ஒரு தடவைதான் சுடுவேன்" என்றார்.

"வருஷத்துக்கு ஒரு தடவை சுட்டாலும் ஒவ்வொரு தடவையும் உங்கள் கன்னம் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும், ஐயா" என்றேன்.

அவர் சற்று யோசித்து, குழலுக்கே பணம் கட்டிவிட்டுப் போனார். அவருடைய பழைய குழலைத் துணியில் சுற்றி, அண்ணனின் நினைவாக அவரிடமே கொடுத்தோம்.

வேறு நாடுகளில் இதை எப்படிக் கையாண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இத்தாலியின் பெரெட்டா நிறுவனத்தார் 1950களின் இறுதியில் கேரண்டை 7.62-க்கு மாற்றிப் பிஎம்59 என்று செய்தார்கள். புதுக் குழல், கிளிப்புக்குப் பதிலாக இருபது தோட்டாப் பெட்டி. ரிசீவரையும் போல்ட்டின் வேலை செய்யும் முறையையும் தக்கவைத்துக்கொண்டார்கள். இந்தியாவுக்கு இதில் ஒரு பங்கு உண்டு, தானியங்கி ரைஃபிளில் இல்லாவிட்டாலும். 1962 போருக்குப் பிறகு இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை, பழைய .303 லீ என்ஃபீல்டு வடிவத்தையே 7.62 நேட்டோவுக்கு எடுத்தது. பழைய .303-ஐ அப்படியே துளைத்து மாற்றாமல், உறுதியான எஃகில் புதிதாகச் செய்தார்கள். புதுத் தோட்டாவின் அழுத்தம் அதிகம் என்பதை மதித்த முடிவு அது. பின்வந்த 2ஏ1 மாதிரியில் பின்குறியை 2,000இலிருந்து 800 மீட்டராகக் குறைத்ததும் நேர்மையான முடிவு. நம் காவல்துறையினரின் தோளில் தொங்கியவற்றில் இந்த ரைஃபிள்களும் உண்டு. பெரும்பாலோர் அவற்றையும் .303 என்றே நினைத்திருப்பார்கள்.

பட்டறையில் வேலை எப்படி நடக்கிறது? முழுச் செய்முறையை எழுதப்போவதில்லை. அதை ஆள் பார்த்து, கை பிடித்துத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். அலபாமாவின் ஆனிஸ்டனில் குடிமக்கள் துப்பாக்கிப் பயிற்சி அமைப்பான சிஎம்பி நடத்தும் வகுப்பில் கேரண்டை அங்கேயே இருந்து பூட்டப் பழக்குகிறார்கள். விருப்பமுள்ளவர்களுக்கு அதுவே நல்ல வழி. நான் சொல்ல விரும்புவது அந்த வேலையில் மனசு எங்கே இருக்க வேண்டும் என்பதை.

குழலை ரிசீவரில் மரையேற்றும்போது இரண்டு கோடுகள் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும். ஒன்று குழலில், ஒன்று ரிசீவரில். கேரண்டின் முன்குறி நேராகக் குழலில் இல்லை. கேஸ் சிலிண்டரின் மேல் இருக்கிறது, அந்தச் சிலிண்டர் குழலின் பற்களில் செருகி நிற்கிறது. ஆகவே குழல் கொஞ்சம் கூடச் சுற்றினாலும் முன்குறி சாயும். கொஞ்சம் குறையச் சுற்றினால் இறுக்கம் போதாது. தோள்பகுதியில் துளித் துளியாக எஃகைச் சீவி, கையால் இறுக்கும்போது கோடு எங்கே நிற்கிறது, குறட்டில் இறுக்கினால் எங்கே போகும் என்று கணக்குப் போட வேண்டும். சீவிய எஃகைத் திரும்ப ஒட்ட முடியாது.

புதிய குழல்கள் அறை முழுவதும் வெட்டப்படாமல், கடைசித் துளி மிச்சம் வைத்து வரும். அந்தக் கடைசித் துளி ஒவ்வொரு ரிசீவருக்கும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் வேறுபடும் என்பதால் பூட்டிய பிறகே வெட்ட வேண்டும். இங்கேதான் இந்த வேலை எனக்கு வெறும் சம்பாத்தியமாக இல்லாமல் போகிறது. போல்ட்டிலிருந்து ஊசி, எக்ஸ்டிராக்டர், எஜெக்டர் எல்லாம் கழற்றி வெறும் உடலாக வைத்துக்கொள்வேன். வில்லின் விசை எதுவும் இல்லாமல் எஃகு எஃகைத் தொடுவது மட்டும் விரலுக்குத் தெரிய வேண்டும். அறையை வெட்டும் ரீமரை முன்வாயிலிருந்து ஒரு நீள் கம்பியால் திருப்புவோம். எண்ணெய் ஊற்றி, அரைச் சுற்று. வெளியே எடுத்துச் சுருளைத் துடைத்து, அறையைத் துடைத்து, கேஜை உள்ளே விட்டு, போல்ட்டை ஒரே விரலால் தள்ளிப் பார்ப்பது. .308-க்கு கோ கேஜ் 1.630 அங்குலம், நோ-கோ 1.634. அறையின் தோளில் ஒரு குறிப்பிட்ட விட்டத்தில் இருந்து போல்ட் முகம் வரையுள்ள தூரம் அது. இரண்டுக்கும் இடையே நாலு தவ் (தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), ஒரு தாளின் தடிமன். கோ கேஜில் போல்ட் தன் எடையாலேயே மூடுவது போல் மூட வேண்டும். நோ-கோவில் பாதியில் நின்று மறுக்க வேண்டும்.

முதலில் கோ கேஜிலும் போல்ட் மூடாது. கால்வாசி இறங்கி நிற்கும். இன்னும் அரைச் சுற்று வெட்டினால் பாதி வரும். அப்புறம் ஒரு கட்டத்தில் விரலின் கீழே தயக்கம் மாறுவது தெரியும். கடினமாக நின்றது மெத்தென்று நிற்கும். இன்னும் ஒரு தவ் இருக்கிறது என்று அதுவே சொல்லும். அந்த ஒரு தவ்வை வெட்டும்போது நான் யாரிடமும் பேசுவதில்லை. ரேடியோவை அணைத்துவிடுவேன். போல்ட் மூடியதும் நோ-கோ. அது நின்றால்தான் நிம்மதி. ராணுவ அளவுகள் இதைவிடத் தளர்வானவை. 7.62-க்கு ஏறத்தாழ 1.6355இலிருந்து 1.6455 வரை அனுமதித்தார்கள். மண்ணும் புகையும் படிந்த துப்பாக்கி மூடியாக வேண்டும் என்பது அவர்கள் தேவை. கூட்டைத் திரும்பத் திரும்ப நிரப்பிச் சுடும் போட்டிக்காரருக்கு இறுக்கம் நல்லது. கூடு ஒவ்வொரு தடவையும் குறைவாக நீளும், அதிக நாள் உழைக்கும்.

அறை முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் ஆபரேட்டிங் ராடை மறந்துவிடுகிறார்கள். குழலின் முன்முனைக்கு அருகில் ஒரு சிறு துளை வழியாக வாயு இறங்கி, இந்த நீண்ட கம்பியைப் பின்னால் தள்ளுகிறது. அது குழலின் அடியில் ஓடி, வலப்பக்கம் வளைந்து போல்ட்டைத் திருப்பித் திறக்கிறது. வரைபடத்திலேயே வளைவுகளோடு வரையப்பட்ட பாகம் அது. நேராக இல்லையே என்று யாராவது நிமிர்த்திவிட்டால் போயிற்று. புதுக் குழல் போட்டபின், வில் இல்லாமல், ரைஃபிளை முன்னும் பின்னும் சாய்த்துப் பார்ப்பேன். கம்பி தன் எடையிலேயே வழுக்கி ஓட வேண்டும். எங்காவது உரசி நின்றால் எங்கே என்று மையைப் பூசிக் கண்டுபிடிக்க வேண்டும். மருந்தின் தேர்வும் இந்தக் கம்பிக்காகத்தான். மெதுவாக எரியும் மருந்து, குண்டு துளையைத் தாண்டும் நேரத்தில் வாயு அழுத்தத்தை அதிகமாக வைத்திருக்கும். கம்பி வேண்டியதைவிட வேகமாக அடிபட்டு நாளடைவில் வளையும். வேட்டைக்கென்று கடையில் விற்கும் கனமான குண்டுத் தோட்டாக்கள் பல இதற்கு ஏற்றவை இல்லை. அறையை மாற்றியதோடு இந்தச் சமநிலை தானாக வந்துவிடாது. புதுக் குழல் செய்பவர் வாயுத் துளையை அந்தத் தோட்டாவுக்கென்று துளைத்திருப்பார். அதைப் பெரிதாக்கச் சொல்லி வந்தவர்களிடம் காரணம் கேட்டால், ரைஃபிள் சோம்பலாக ஓடுகிறது என்பார்கள். பெரும்பாலும் கேஸ் சிலிண்டர் தேய்ந்திருக்கும், அல்லது கிரீஸ் காய்ந்திருக்கும். துளையைத் தொடத் தேவையே இருக்காது.

எட்டுத் தோட்டா பிடிக்கும் எஃகுக் கிளிப் மட்டும் ஆச்சரியமாக அப்படியே வேலை செய்கிறது. கிளிப் பிடிப்பது தோட்டாவின் அடிப்பாகத்தை, அது மாறவில்லையே. கடைசித் தோட்டா போனதும் கிளிப் துள்ளி வெளியேறும் அந்த ஓசையும் மாறவில்லை. தோட்டா குட்டையானதால் முன்னால் கொஞ்சம் காலியிடம் இருக்கும். அந்த இடத்தை அடைக்கும் ஒரு சிறு கட்டையை நான் எப்போதும் வைக்கிறேன். கடற்படையும் வைத்தது. கட்டை இருந்தால் நீளத் தோட்டா நிரப்பிய கிளிப் உள்ளேயே போகாது. அது இல்லாமலும் ஓடும் என்பது உண்மை. ஆனால் ஒரு வீட்டில் இரண்டு கேரண்ட் இருந்து, ஒன்று .30-06 ஆகவும் இன்னொன்று .308 ஆகவும் இருந்தால், குழப்பம் ஒருநாள் வரும். கட்டை ஒரு பக்கக் குழப்பத்தை அடைத்துவிடும். மறுபக்கத்தை, அதாவது குட்டைத் தோட்டா மாற்றாத ரைஃபிளுக்குள் போவதை, எந்தக் கட்டையாலும் தடுக்க முடியாது. அதற்குத் தோட்டாப் பெட்டிகளைத் தனித்தனியாக வைக்கும் ஒழுக்கம் ஒன்றுதான் வழி.

அதனால்தான் குழலில் தோட்டாவின் பெயரை எழுதுவதில் பிடிவாதம் பிடிக்கிறேன். குழலின் மேல், போல்ட்டைத் திறந்தவுடன் கண்ணில் படும் இடத்தில் .308 என்று ஆழமாகப் பொறித்துவிடுவேன். மரப்பகுதியின் அடியில், கைப்பிடிக்குள் மறைவாக எழுதுவதை ஏற்கமாட்டேன். அழகு கெடுகிறது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் இந்த ரைஃபிள் என்னையும் அதன் சொந்தக்காரரையும் தாண்டி இருக்கும். ஐம்பது ஆண்டுக்குப் பின் ஏலத்தில் வாங்குபவருக்கு எங்களைத் தெரியாது. அவர் கண்ணில் படும் கேரண்ட் எல்லாம் .30-06 என்றே நினைத்து எடுப்பார். எழுத்து மட்டும்தான் அவரிடம் பேசும்.

சுட்டுப் பார்ப்பது கடைசி வேலை. முதலில் ஒற்றைத் தோட்டா. கூட்டை எடுத்து மைக்ரோமீட்டரில் அளப்பேன், அடியிலிருந்து சற்று மேலே பளபளப்பான வளையம் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பேன். அந்த வளையம் பித்தளை நீண்டு மெலிந்ததன் அடையாளம். பிறகு இரண்டு தோட்டா, குதிரை ஒரே இழுப்பில் இரண்டு தடவை விழவில்லை என்று உறுதிசெய்ய. அப்புறம்தான் கிளிப் நிறைய எட்டு. கூடுகள் வலப்புறம் முன்னால் ஒரே இடத்தில் குவிகின்றனவா, எல்லாவற்றின் விளிம்பும் ஒழுங்காக இருக்கிறதா, கிளிப் தாமதமின்றி வெளியே வந்ததா என்று பார்க்கிறேன். சுட்ட கூடுகளில் மூன்றை ஒரு சிறு பையில் போட்டு, கேஜ் அளவுகள், குழல் வந்த ஆண்டு, ஏற்ற மருந்தின் வகை எல்லாம் எழுதிய தாளோடு ரைஃபிளில் கட்டிக் கொடுக்கிறோம். அடுத்து யாராவது இதைத் திறந்தால், அறை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஒப்பிட அந்தக் கூடுகள் உதவும்.